கேலிக் இடப்பெயர்களைக் குறித்துவைப்பது எப்படி

முதலில் காது, அப்புறம்தான் வரைபடம். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், அங்கே பேசும் கேலிக் மொழியில் இடங்களின் பெயர் கேட்கப் போகும்போது அச்சு வரைபடத்தை நான் பையிலிருந்து எடுப்பதே இல்லை. விரித்தால் பெரியவர்கள் அதில் இருப்பதையே வாசித்துச் சொல்லிவிடுவார்கள். கூடவே நடந்து, "இந்த மேட்டுக்கு வீட்டில் என்ன பேர் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அனுமதி வாங்கி ஒலிப்பதிவு செய்யுங்கள். நின்ற இடத்தின் வரைபடக் கட்ட எண்ணை அங்கேயே எழுதிவிடுங்கள். மழையில் நினைவு கரைந்துவிடும்.

பிறகு ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் 19ஆம் நூற்றாண்டின் ஆறு அங்குல வரைபடத்தை (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைந்தது) பாருங்கள். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பெயர்ப் புத்தகங்களையும் புரட்டுங்கள். ஒரே பெயரின் பல எழுத்து வடிவங்கள், சொன்னவர் யார், இடம் எப்படியிருந்தது எல்லாம் அதில் உண்டு. சொன்னவர் பாதிரியாரா, ஆடு மேய்த்தவரா என்று கவனியுங்கள். நான் மேய்த்தவர் பக்கம்.

பொருள் எழுத அவசரம் வேண்டாம். 'ஆரி' என்றால் கோடை மேய்ச்சல் குடிசை. பெயரில் அது வந்தால் அந்தச் சரிவில் பழைய கல் அடித்தளம் தென்படுகிறதா என்று தேடுங்கள். ஆனால் ஷாபோஸ்ட் போன்ற லூயிஸ் ஊர்ப்பெயர்களின் 'போஸ்ட்' ஈறு, பண்ணையைக் குறிக்கும் பழைய நார்ஸ் (வைக்கிங்குகளின் மொழி) சொல்லிலிருந்து வந்தது. கேலிக்கில் அதற்கு வேர் தேடிப் பயனில்லை. கேட்ட ஒலி, எழுத்து வடிவம், உங்கள் ஊகம் மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி போடுங்கள். கேலிக் எழுத்தில் நெடில் உயிர்மேல் வரும் சாய்குறியை (à என்பதில் இருப்பதுபோல்) மட்டும் விட்டுவிடாதீர்கள்.