மேஜர் பிரீமனின் வாழ்க்கையைத் தமிழில் எழுதுவது எப்படி?

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளும் சரி, வாசகர் வட்டத்துக்குக் கட்டுரை கொண்டுவருகிறவர்களும் சரி, வெளிநாட்டு அரசியல்வாதி ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னால் பிறப்பு, படிப்பு, பதவிகள், இறப்பு என்று வரிசையாக எழுதி முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுத வேண்டாம். ஜோன் பிரீமனை வைத்தே சொல்கிறேன். 1915இல் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் மேஜர், 1945இல் தொழிற்கட்சி எம்.பி., 1965இல் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் உயர்ஸ்தானிகர், 1969இல் வாஷிங்டனில் தூதுவர், 2014இல் காலமானார். ஒரு பந்திக்குள் எல்லாம் அடங்கிவிட்டது, பிறகு இதையே ஏன் நாலு பக்கத்துக்கு இழுக்க வேண்டும்?

அவர் வழி மாறிய இடங்களுக்குப் பக்கத்தைக் கொடுங்கள். 1945 ஆகஸ்டில், தொழிற்கட்சி பெரும் வெற்றி பெற்று வந்த புதிய பாராளுமன்றத்தில், பட்டாளச் சீருடையோடு எழுந்து, புதிய பிரிட்டனுக்கான போரின் 'டி-டே', அதாவது தாக்குதல் தொடங்கும் நாள், இன்றுதான் என்று பேசினார். பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அந்தப் பேச்சை முழுதாக வாசியுங்கள். அதைக் கேட்டு எதிரணியில் இருந்த சேர்ச்சில் கண்கலங்கினார் என்றும் ஒரு கதை உண்டு. பேச்சு ஹன்சாட்டில் பதிவாகியிருக்கிறது, கண்ணீர் பிறர் சொல்லித்தான் தெரியும். ஆகவே முதலாவதை நேராக எழுதலாம், இரண்டாவதற்கு 'என்று சொல்வார்கள்' சேர்த்தே ஆக வேண்டும்.

அடுத்த திருப்பம் 1951 ஏப்ரல். என்னைக் கேட்டால் இந்த வாழ்க்கையில் அதிகம் நின்று எழுத வேண்டிய இடம் இதுதான். 1948இல் தொடங்கிய தேசிய சுகாதார சேவையில் எல்லாமே இலவசமாக இருந்தது. கொரியப் போரோடு ஆயுதச் செலவு ஏறியதும் நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல், பொய்ப் பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் என்றார். அந்தச் சேவையை உருவாக்கிய அமைச்சர் அனைரின் பெவன் விலகினார், பின்னாளில் பிரதமரான ஹரோல்ட் வில்சன் விலகினார், கூடவே பிரீமனும் விலகினார். அவர் அப்போது இளநிலை அமைச்சராக இருந்ததோ படைக்குத் தளவாடம் வாங்கிக்கொடுக்கிற வழங்கல் அமைச்சில்! போர்முனை கண்ட ஒரு மேஜர், அத்தனை ஆயுதச் செலவு நாட்டுக்குத் தாங்காது என்று பதவியை விட்டுப் போகிறார். பல் செட்டுக்கும் கண்ணாடிக்குமா ஓர் அரசாங்கம் ஆட்டம் கண்டது என்று கேட்கிறவர்களுக்கு, அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதால் வந்த நம் நாட்டு 1953 ஹர்த்தாலை நினைவுபடுத்துங்கள், உடனே விளங்கிவிடும்.

பிரீமனைச் சோசலிஸ்ட் என்றதும் நம் ஆட்களுக்குச் சமசமாஜக் கட்சிதான் ஞாபகம் வரும். அது ரஷ்யப் புரட்சியாளர் ட்ரொட்ஸ்கி வழி வந்தது, பிரீமனுடையது தொழிற்சங்கமும் தேர்தலும் சார்ந்த பாராளுமன்ற வழி. இதைத் தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு அவர் உயர்ஸ்தானிகராகப் போவது துரோகம் போலத் தெரியும்.

திருகோணமலையில் இருக்கிறவர்கள் கட்டாயம் தொட வேண்டிய இடம் 1947. அந்த ஆண்டு ஆகஸ்டில் ரங்கூனில், சுதந்திரம் பெறப்போகிற பர்மாவோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்த பிரிட்டிஷ் குழுவுக்குத் தலைவர் இவர். பர்மா சார்பில் ஒப்பமிட்டவர் போ லெட் யா, அதனால் லெட் யா–பிரீமன் உடன்படிக்கை என்றே அதற்குப் பெயர். அதே ஆண்டு நவம்பரில் இலங்கையும் பிரிட்டனோடு ஒரு பாதுகாப்பு உடன்படிக்கை செய்தது, நம் துறைமுகம் 1957 வரை பிரிட்டிஷ் கடற்படையிடம் இருந்ததற்கு அதுதான் ஆதாரம். டொக்யார்ட் வீதியால் தினமும் போய்வருகிற வாசகருக்கு ரங்கூன் கதை அப்போது பக்கத்து வீட்டுக் கதையாகிவிடும். ஆனால் கவனம், இலங்கை உடன்படிக்கையைப் பிரீமன் தலையில் கட்டிவிடாதீர்கள். இரண்டும் ஒரே காலத்தவை, அவ்வளவுதான்.

அவர் எடுத்த தொலைக்காட்சிப் பேட்டிகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எதிரே இருப்பவரின் முகத்தைக் கமரா நெருங்கிக் காட்டும், கேள்வி கேட்கிற பிரீமனின் பின்தலை மட்டும்தான் தெரியும். நிக்சன் விவகாரத்தைக் கொஞ்சம் விரித்து எழுதுங்கள். 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழின் ஆசிரியராக இருந்தபோது 1962இல் அமெரிக்க அரசியல்வாதி நிக்சனைக் கொள்கையே இல்லாதவர் என்று சாடியிருந்தார். 1969இல் அதே நிக்சன் ஜனாதிபதி, இவர் அங்கே தூதுவர்! லண்டனில் பிரதமர் வீட்டு விருந்தில் நிக்சன் எழுந்து, இப்போது அவர் புதிய இராஜதந்திரி, நான் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' (புதிய அரசியல் மேதை) என்று அந்த இதழின் பெயரையே சிலேடையாகச் சொல்லிப் பகையைச் சிரிப்போடு முடித்துவைத்தார்.

பிரீமன் தன்னைப் பற்றிப் பேச விரும்பாத மனிதர். ஆகவே 'மனதுக்குள் குமுறினார்', 'அன்றிரவு தூங்கவில்லை' என்கிற மாதிரி வரிகள் உங்கள் கொப்பியில் இருந்தால் வெட்டிவிடுங்கள். எழுதி முடித்ததும் இவரைத் தெரியாத ஒருவருக்கு, அப்பப்பாவோ பெரியம்மாவோ யாராவது சரி, வாசித்துக் காட்டுங்கள். "அதுக்கு ஏன் அவர் விலகினவர்?" என்று கேட்டால் 1951ஐத் திருப்பி எழுதுங்கள்.