மீட்டர் சிவக்கவில்லை, ஒலி மட்டும் உடைந்திருக்கிறது: கச்சேரிப் பதிவில் லெவல் தவறுகள்

நேரடிக் கச்சேரியைப் பதிவு செய்கிறவர்களை ஆட்டிப்படைக்கும் பயம் ஒன்று உண்டு. லெவல், அதாவது பதிவாகும் ஒலியின் அளவு, குறைவாக இருந்தால் பதிவு வீணாகிவிடுமாம். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி இந்தப் பயத்தின் பிள்ளைகள். கேசட் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. டேப்பின் இரைச்சலுக்கு மேலே இசை நிற்க வேண்டுமென்றால் முள்ளைச் சிவப்புவரை ஏற்றித்தான் ஆக வேண்டும். 16 பிட் டிஜிட்டல் பதிவில்கூட, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான மொத்த வீச்சு 96 டெசிபெல்தான் என்பதால், ஓரளவு பொருந்தியது. 24 பிட்டில் கணக்குப்படி 144 டெசிபெல். மின்சுற்றின் சொந்த இரைச்சலைக் கழித்தால் நல்ல கருவிகளில் 110 முதல் 120 வரை தேறும். அரங்கில் ஆட்கள் இருமுவதும் நாற்காலி கிரீச்சிடுவதும் அந்த இரைச்சலைவிட எவ்வளவோ உரக்கக் கேட்பவை. டிஜிட்டல் மீட்டரின் மேல் எல்லை 0; ஆகவே உச்சங்கள் அதற்குக் கீழே −12 டெசிபெல் பக்கம் நின்றால் தாராளம். −20இல் நின்றாலும் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். எல்லையைத் தாண்டி உச்சியில் வெட்டுப்பட்டதைப் பிறகு இறக்கி ஒரு பயனும் இல்லை.

பயத்துக்கு அடுத்தது, மீட்டரின் மீது குருட்டு நம்பிக்கை. ஒலி மைக்கில் புகுந்து, மைக்கின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் கருவியான ப்ரீஆம்பில் பெருகி, ரெக்கார்டரின் உள்ளீட்டுச் சுற்றைக் கடந்து, எண்ணாக மாறிய பிறகுதான் பெரும்பாலான ரெக்கார்டர்களில் மீட்டர் அதைப் பார்க்கிறது. நடுவில் எங்கே ஒலி உடைந்தாலும், அதாவது உச்சி வெட்டுப்பட்டாலும், அதற்குத் தெரியாது. ப்ரீஆம்பில் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, வாரி வழங்கிவிட்டு, மீட்டர் சிவக்கிறதே என்று ரெக்கார்டரின் லெவலை மட்டும் இறக்குகிறவர்கள் விழுவது இந்தக் குழியில்தான். மீட்டர் −8இல் சாதுவாக நிற்கும். கோப்பைத் திறந்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: டிரம் அடி ஒவ்வொன்றும் அதே −8இல், கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக முடிந்திருக்கும். எந்த மென்பொருளும் அந்த உச்சிகளை ஊகித்து வரையுமே தவிர, உண்மையில் மீட்டுத் தராது.

ரெக்கார்டரின் லெவல் 100க்கு 10, 15 என்று அடிமட்டத்தில் கிடக்கிறதென்றால் உடனே சந்தேகப்பட வேண்டும். ப்ரீஆம்பைக் குறைத்து ரெக்கார்டரை ஏற்றுங்கள். வந்த சமிக்ஞையைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே உள்ளே விடும் நிலை ஒன்று ரெக்கார்டரில் இருக்கும். அங்கேயோ அதை ஒட்டியோ நிறுத்திவிட்டு, மீதி வேலையை ப்ரீஆம்பிடம் விடுவதுதான் ஒழுங்கான முறை.

எல்லை எங்கே என்பதைக் கச்சேரிக்கு முன்பே சோதித்து வைக்கலாம். ரெக்கார்டரின் லெவலைக் கீழே வைத்து, ஒரே சீரான ஒலியை ப்ரீஆம்ப் வழியாகக் கொடுத்து, கெயினைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் கெயின் ஏறும், மீட்டர் ஏறாது. இரண்டு கருவிகளில் எது முதலில் உடைகிறதோ, அதன் எல்லை அது. குறித்து வைத்துக்கொண்டால் அந்த ஜோடிக் கருவிகளுக்கு எப்போதும் உதவும்.

மைக் உள்ளீட்டையும் லைன் உள்ளீட்டையும் குழப்பிக்கொள்வது வேறு வகை. ப்ரீஆம்பின் வெளியீடு ரெக்கார்டரின் லைன் உள்ளீட்டுக்குத்தான் போக வேண்டும். மைக் உள்ளீட்டில் செருகினால், ஏற்கெனவே பெருகிய சமிக்ஞை மறுபடி பெருகும். மைக்குக்காக ரெக்கார்டர் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரமும் அங்கே திறந்திருந்தால் ப்ரீஆம்புக்கே ஆபத்து.

ஒரு சின்னக் கணக்கு. 94 டெசிபெல் ஒலிக்கு 10 மில்லிவோல்ட் தரும் மைக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒலி 20 டெசிபெல் கூடினால் மின்னழுத்தம் பத்து மடங்காகும். அதாவது 114இல் 100 மில்லிவோல்ட், 124இல் சுமார் 316. வீட்டு ஒலிக்கருவிகளின் லைன் லெவல் என்று சொல்லப்படுவதே இந்த 0.316 வோல்ட்தான். உரத்த ராக் கச்சேரியில் ஒலிபெருக்கிக்கு அருகே நிற்கிற மைக், ப்ரீஆம்ப் இல்லாமலே லைன் லெவலை எட்டிவிடும். அங்கே 20 டெசிபெல் கெயின் கொடுப்பது அநியாயம். தனி வயலினுக்கோ கிடாருக்கோ அதே 20 போதாமல்கூடப் போகலாம். போன கச்சேரியின் எண்ணை இந்தக் கச்சேரிக்குச் சுமந்து வராதீர்கள்.

ஒலிச்சோதனையின்போது பார்த்த லெவலும் அப்படித்தான். மேடை ஏறியதும் கலைஞர்கள் இன்னும் ஓங்கி வாசிப்பார்கள், ஒலிப்பொறியாளர் தன் பங்குக்கு ஏற்றுவார். குறைந்தது 6 டெசிபெல், முடிந்தால் 10 டெசிபெல் இடம் விட்டுவையுங்கள். மைக் பார்வையாளர் நடுவே இருந்தால் பக்கத்து இருக்கையின் கைதட்டலே அன்றைய மிகப்பெரிய உச்சமாக இருக்கக்கூடும். அதற்காக இசையின் லெவலைப் பாதியாக்க வேண்டியதில்லை. கைதட்டல் ஒருமுறை வெட்டுப்பட்டால் பாட்டு கெடாது.

தானியங்கி லெவலை அணைத்துவிடுங்கள், இதில் பேச்சே இல்லை. மெல்லிய இடத்தில் இரைச்சலை ஏற்றி, டிரம் விழுந்ததும் பாடகரை அமுக்கும். உச்சங்களை மட்டும் அமுக்கிப் பிடிக்கும் லிமிட்டரை ஓரளவு மன்னிக்கலாம். ஆனால் பல சிறு ரெக்கார்டர்களில் அது ஒலி எண்ணாக மாறிய பிறகே வேலை செய்கிறது; முன்னாலேயே உடைந்ததை அது காப்பாற்றாது. 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கிவிட்டோம், இனி லெவலே பார்க்க வேண்டாம் என்பவர்களுக்கும் இதே பதில்தான். 0வைத் தாண்டிய எண்ணை அது பத்திரமாக வைத்திருக்கும். மைக்கோ, வெளியே மாட்டிய ப்ரீஆம்போ உடைந்தால், அந்த உடைசலையும் அதே பத்திரத்தோடு வைத்திருக்கும்.

பாட்டின் நடுவே குமிழைத் திருகும் கைகளுக்குக் கடைசியாக ஒன்று. லெவல் உண்மையிலேயே ஆபத்தாக இருந்தால் உடனே இறக்குங்கள், தயங்க வேண்டாம். வெறும் ஆசைக்காகவென்றால் பாட்டு முடிந்து கைதட்டல் தொடங்கும்வரை பொறுங்கள். படிப்படியாக நகரும் குமிழாக இருந்தால் எத்தனை படி இறக்கினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மென்பொருளில் அந்த இடத்திலிருந்து அதே அளவு ஏற்றினால் தையல் தெரியாது. வழுக்கிக்கொண்டு போகும் குமிழென்றால் காதை நம்பித்தான் ஒட்ட வேண்டும்.