ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்

கத்திரி வெயிலில் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுகிறவர்கள், ஓடும் முன்னும் ஓடி முடித்து வியர்வையைத் துடைத்த பிறகும் எடை பாருங்கள். ஈர பனியனோடு ஏறினால் கணக்குத் தப்பும். ஒரு கிலோ குறைந்தால் கொழுப்பு கரைந்ததென்று சந்தோஷப்பட வேண்டாம். போனது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோ, அதாவது 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம்.

நீர் குறையும்போது ரத்தத்தில் உப்பின் அடர்த்தி கூடும். உடம்பு வியர்வையில் சிக்கனம் பிடிக்கும்: தாமதமாக வரும், குறைவாக வரும். சூடு உள்ளேயே தங்கிவிடும்.

தினமும் வெயிலில் பயிற்சி செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகி, சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும். வியர்வையில் உப்பும் குறையும். அதற்காக, பழகிய உடம்புக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும் என்று நினைக்காதீர்கள். அதிகம் வியர்ப்பதால் அதிகமாகத்தான் வேண்டும்.

ஓடி முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள், ஒரே மூச்சில் வேண்டாம். ஜிகர்தண்டாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஓடும்போது தலை சுற்றினால் உடனே நிறுத்தி நிழலுக்கு வாருங்கள். பேச்சு குழறினால் உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தபடியே 108-ஐக் கூப்பிடுங்கள்.