அணுகுண்டு வெடித்தால் ஓடாதீர்கள், உள்ளே போங்கள்

"அணுகுண்டு விழுந்தால் எல்லாரும் காலி, இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில், குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழிருந்து சுமார் 170 மீட்டரில், ஏதோ காகிதம் எடுக்கக் கான்கிரீட் கட்டடத்தின் நிலவறைக்கு இறங்கியிருந்த ஒருவர் பிழைத்தார். தள்ளி இருப்பவர்களுக்கோ, முதல் ஒரு நாளில் என்ன செய்கிறோம் என்பதில்தான் பெரும்பாலும் உயிர் இருக்கிறது.

முதலில் வருவது வெளிச்சம். அதைப் பார்க்காதீர்கள், என்னவென்று பார்க்க ஜன்னலுக்கும் போகாதீர்கள். ஏனென்றால் அதிர்வலை பின்னால்தான் வரும். 10 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் கிட்டத்தட்ட அரை நிமிடம் கழித்து. வேடிக்கை பார்க்க வந்தவர் முகத்தில் கண்ணாடி சிதறுவது அப்போதுதான். குப்புறப் படுத்து முகத்தை மூடிக்கொள்ளுங்கள்.

அப்புறம் தூசி. குண்டு தரைக்கு அருகில் வெடித்தால் மண்ணும் இடிபாடும் மேலே இழுக்கப்பட்டு, கதிரியக்கம் ஏறி, காற்று போகும் பக்கமெல்லாம் திரும்ப விழும். 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் உள்ள பிக்கினி தீவில் அமெரிக்கா சோதித்த குண்டின் சாம்பல், வெகு தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் வெள்ளையாகக் கொட்டியது. அது என்னவென்று அந்த 23 பேருக்கும் தெரியவில்லை. தலையிலும் கழுத்திலும் ஒட்டிய தூளோடு வேலையைத் தொடர்ந்தார்கள்; எல்லாருக்கும் கதிர்வீச்சு நோய் வந்தது, ஒருவர் அந்த ஆண்டே இறந்துபோனார். அதே கடல் பகுதியில் மக்கள் வாழ்ந்த ரோங்கலாப் தீவில் குழந்தைகள் அந்தச் சாம்பலில் விளையாடினார்கள். இதை எழுதும்போதே மனசு கனக்கிறது.

தூசி விழத் தொடங்கப் பத்து பதினைந்து நிமிடம் கிடைக்கலாம். காரை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள், நெரிசலில் மாட்டினால் தகரக் கூடு எதையும் தடுக்காது. அருகில் உள்ள பெரிய கான்கிரீட் அல்லது செங்கல் கட்டடத்துக்குள் போங்கள். நிலவறை நல்லது. இல்லையென்றால் நடு மாடிகளில், வெளிச்சுவரையும் கூரையையும் விட்டு விலகி, கட்டடத்தின் மையத்தில் இருங்கள். உங்களுக்கும் தூசிக்கும் நடுவே எவ்வளவு கனமான பொருள் இருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு.

குறைந்தது 24 மணி நேரம் வெளியே வராதீர்கள். ஏன் என்றால், நேரம் ஏழு மடங்கு ஆகும்போது கதிர்வீச்சு ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். வெடித்து ஒரு மணி நேரத்தில் 1000 என்று வைத்தால் 7 மணி நேரத்தில் 100, இரண்டு நாளில் 10. பிள்ளை வேறு இடத்தில் இருந்தால் பொறுத்திருப்பது கொடுமைதான், ஆனால் அந்த நேரத்தில் தேடிப் போவது உங்களுக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் உதவாது. அங்கேயும் உள்ளேயே இருக்கட்டும்.

வெளியிலிருந்து வந்தவர் வாசலிலேயே மேலாடையையும் செருப்பையும் உதறாமல் மெதுவாகக் கழற்றிப் பையில் கட்டி, ஆட்கள் இல்லாத மூலையில் வைக்க வேண்டும்; பெரும்பகுதி தூசி அதோடு போய்விடும். பிறகு சோப்பும் தண்ணீரும் போதும், தோலை அழுத்தித் தேய்க்க வேண்டாம். தலைக்கு ஷாம்பு சரி, கண்டிஷனர் கூடாது, அது தூசியை முடியோடு ஒட்டவைத்துவிடும்.

அயோடின் மாத்திரை கதிர்வீச்சிலிருந்து காப்பது தைராய்டு சுரப்பியை மட்டும்தான், அதையும் அதிகாரிகள் சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள். மூடி வைத்த உணவும் தண்ணீரும் சாப்பிடலாம். செல்போன் வேலை செய்யாமல் போகலாம், அதனால் பேட்டரி ரேடியோ ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள். எப்போது, எந்தப் பக்கம் வெளியேறலாம் என்பதை அதில்தான் கேட்க வேண்டியிருக்கும்.