கடைசல்காரர்களுக்குள் பண்டமாற்று: கைவேலைப் பொருட்களைச் சேர்க்கும் முறை

கடையில் ஒரு மரக்கிண்ணம் வாங்குபவர் அதன் பளபளப்பையும் விலையையும் பார்க்கிறார். எந்திரத்தில் சுழலும் மரத்தை உளியால் வடிவமைக்கும் மற்றொரு கடைசல்காரரிடமிருந்து அதே கிண்ணத்தைப் பெறுபவரோ, கடைந்தவருடைய கை உளியை எங்கே சாய்த்தது, மரம் முரண்டு பிடித்த இடத்தை எப்படிக் கடந்தது, எந்த இடத்தில் போதும் என்று நிறுத்தியது என்பதையெல்லாம் படிக்கிறார். நம்மால் இன்னும் கடைய முடியாத பொருளைத் தேடிச் சேர்ப்பதே கடைசல் பழகுகிறவருக்குப் பயன் தரும் சேகரிப்பு என்பது என் உறுதியான கருத்து. வேலூர், குடியாத்தம், ஆற்காடு, திருப்பத்தூர், ஆரணி என்று பழைய வட ஆற்காட்டில் ஆங்காங்கே இருக்கும் பட்டறைகளில் கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடித் தூண், பூரிக்கட்டை, மத்து ஆகியவற்றைக் கூலிக்குக் கடைபவர்களும் உண்டு. வேறு தொழில் செய்துகொண்டு ஓய்வு நேரத்தில் மட்டும் எந்திரத்தின் முன் நிற்பவர்களும் உண்டு. இவ்விரு சாராரும் தங்களுக்குள் பொருட்களை மாற்றிக்கொள்ளும்போது கவனிக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

எதில் தொடங்குவது

மூடியுள்ள குங்குமச் சிமிழில் தொடங்குமாறு சொல்வேன். சிறிய துண்டு மரம் போதும், செலவு குறைவு, அஞ்சலில் அனுப்புவதும் எளிது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைந்தவரின் திறமை அதில் ஒளிந்துகொள்ள முடியாது. மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே இழுபடும் மெல்லிய ஓசை கேட்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பி மூடினாலும் ஒரே இறுக்கத்துடன் அமர வேண்டும். மரத்தின் ரேகை மூடியிலிருந்து அடிப்பெட்டிக்கு முறியாமல் ஓட வேண்டும். ரேகை தொடர்ந்து ஓடுகிறது என்றால் இரண்டு பாகங்களும் ஒரே கட்டையிலிருந்து, வெட்டிப் பிரிப்பதில் மிகக் குறைந்த மரம் வீணாகும்படி கடையப்பட்டவை என்று பொருள்.

சிமிழுக்கு அடுத்தபடியாகப் பம்பரம். ஆணி மையத்தில் இறங்கியிருக்கிறதா, உடல் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்பதைச் சுற்றிவிட்டால் அதுவே காட்டிவிடும். பிறகு பருப்பு மத்து, நடைவண்டிச் சக்கரம், சதுரங்கக் காய், சொப்புச் சாமான் என்று விரித்துக்கொண்டே போகலாம். சதுரங்கக் காய்களில் ஒரு செட்டின் பதினாறு சிப்பாய்களையும் வரிசையாக நிறுத்திக் கண் மட்டத்தில் பார்க்க வேண்டும். கையால் கடைந்தவற்றில் மயிரிழை வேறுபாடு இருப்பது இயல்பு, ஆனால் கழுத்தும் தலையும் ஒரே கோட்டில் வர வேண்டும்.

பழைய பொருட்களையும் விட்டுவிட வேண்டாம். நெசவு நடந்த ஊர்களான குடியாத்தத்திலும் ஆரணியிலும் உபயோகமற்றுப் பரணில் கிடக்கும் ராட்டைகளின் கடைந்த கால்களும் குமிழ்களும், இடிக்கப்படும் வீடுகளின் ஊஞ்சல், தொட்டில் உறுப்புகளும் கண்ணில் படலாம். அவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதிதாக்கக் கூடாது. அந்தக் காலத்து உளியின் தடம் அந்த மேற்பரப்பில்தான் இருக்கிறது.

திருப்பிப் பார்த்து அறிதல்

எந்தப் பொருளைக் கையில் வாங்கினாலும் முதலில் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். வெளியே மினுக்கும் வேலைக்கு எல்லோரும் நேரம் ஒதுக்குகிறார்கள். எந்திரத்திலிருந்து கழற்றிய பிறகு அடியை மீண்டும் பிடித்துக் கடைந்து முடிப்பவர் சிலரே. திருகுத் துளையோ, எந்திரத்தில் மரத்தைக் கவ்வும் பிடிப்பானின் பல் பதிந்த தடமோ அப்படியே இருக்கிறதா, அல்லது அடி சற்றே உட்குழிவாகக் கடையப்பட்டு விளிம்பில் மட்டும் நிற்கிறதா என்று பாருங்கள். அடியில் வெல்வெட் துணி ஒட்டியிருந்தால் அதன் கீழே என்ன இருக்கிறது என்று கேட்பதில் தவறில்லை, நேர்மையானவர் சொல்லிவிடுவார்.

அடுத்து, கிண்ணத்தைச் சன்னல் ஓரம் கொண்டுபோய்ச் சாய்வான வெளிச்சத்தில் மெதுவாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். பலகை வாக்கில் பிடித்துக் கடையும் கிண்ணத்தில், ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு முறை மரத்தின் குறுக்கிழையை, அதாவது நார்கள் வெட்டுப்பட்டு முனை தெரியும் பகுதியைச் சந்திக்கிறது. ஆகவே நேரெதிரான இரண்டு இடங்களில் நார் பிய்ந்து சொரசொரப்பாவது இயல்பு. உளியைச் சாணை பிடித்து மெல்லிய சீவலாக எடுத்து அந்த இடங்களைக் கடப்பவர் வேலை தெரிந்தவர். உப்புத்தாளை அழுத்தித் தேய்த்து மறைப்பவரின் கிண்ணத்தில் அதே இடங்களில் லேசான பள்ளம் விழுந்திருக்கும். பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சுவரின் இரு புறமும் இருக்க, விளிம்பிலிருந்து அடிவரை இறக்கிப் பாருங்கள். அடியை நெருங்கும்போது தடிமன் திடீரென்று கூடினால், ஓட்டை விழுந்துவிடுமோ என்று கை பயந்த இடம் அது. பழகுபவரின் பொருளில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஈடு பேசும்போது கணக்கில் கொள்ள வேண்டும்.

பூச்சைப் பற்றியும் கேட்டறிய வேண்டும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்து வேலைகளில், சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசலின் சூட்டில் அரக்கு உருகிப் படிகிறது. அதன் மேல் தாழை மடலை வைத்துத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். நம் பக்கத்துத் தச்சர்கள் பூசும் ஃபிரெஞ்ச் பாலிஷும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்ததே. சந்தேகம் இருந்தால், கொடுப்பவரின் அனுமதியுடன் அடியில் ஒரு துளி ஸ்பிரிட் வைத்துப் பார்க்கலாம், அரக்கானால் பிசுபிசுக்கும். அரக்குப் பூசிய கிண்ணத்தில் சூடான பண்டம் வைக்கக் கூடாது. உணவுக்கான கிண்ணம் என்றால் எண்ணெய்ப் பூச்சே நல்லது. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு உலர்ந்து இறுகும். தேங்காய் எண்ணெய் இறுகாது, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கக் கூடும் என்பதால், விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும்.

மரம் காய்ந்திருக்கிறதா

பண்டமாற்றில் எழும் மனத்தாங்கல்களுக்குப் பெரும்பாலும் காரணம் ஈரமரம். கொடுத்த நாளில் முழு வட்டமாக இருந்த சிமிழ், சில வாரங்களில் மூடி திறக்காமல் இறுகிவிடும். கிண்ணம் விளிம்பில் வெடிக்கும். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போதுதான் மரம் சுருங்கவும் தொடங்குகிறது. ஆண்டு வளையத்தின் போக்கில் அது சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் மிகச் சொற்பம். வட்டம் முட்டை வடிவாவதற்கு இந்த ஏற்றத்தாழ்வே காரணம். மையத்தை உள்ளடக்கிய கட்டையில் கடைந்தது வெடிப்பதற்கும் அதுவே காரணம் என்பதால், கட்டையை மையத்தின் வழியாகப் பிளந்து, மையத்தை நீக்கிய பிறகே கிண்ணத்துக்கு எடுக்க வேண்டும்.

பச்சை மரத்தில் முதலில் தடிமனாக ஒரு முறை கடைந்து, காயவைத்து, மறுபடி கடைவதே பாதுகாப்பான வழி. முதல் கடைசலில் சுவரின் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்துக்கு 20 மில்லிமீட்டர். குறுக்கிழை வெளியே தெரியும் இடங்களில் மெழுகு தடவி, காற்று நேராக வீசாத நிழலில் வைத்து, வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைப் பொருளின் மேலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். தொடர்ந்து சில வாரங்கள் எடை மாறாமல் நின்றால் நம் ஊர்க் காற்றுக்கு அது காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

நம் ஊர்க் காற்று என்று சொல்வதில் பொருள் இருக்கிறது. வேலூரின் கத்திரி வெயிலில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். கடற்கரை ஊரிலோ கேரளத்திலோ கடைந்து காயவைத்த பொருள் கோடையில் இங்கே வந்தால் மேலும் சுருங்கும். எனவே ஒரு கத்திரியையும் ஓர் அடைமழையையும் பார்த்த மூடிச் சிமிழையே நான் மாற்றுக்குத் தருவேன். மற்றவர்களிடமும் அதையே கேட்பேன். பச்சை மரத்தில் மெல்லியதாகக் கடைந்து வேண்டுமென்றே கோணவிட்ட கிண்ணம் வேறு வகை. அது அழகான வேலைதான். ஆனால் அப்படிச் செய்ததைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சாலையோரம் வெட்டப்பட்ட புளியமரக் கட்டைகள் இந்தப் பக்கத்தில் கிடைப்பதுண்டு. பூஞ்சை படர்ந்த புளியில் ஓடும் கறுப்புக் கோடுகளுக்காகக் கடைசல்காரர்கள் அதைத் தேடுகிறார்கள். வைரம் பாயாத வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து மிகுதி என்பதால் வண்டு அங்கே எளிதில் புகும். புதிதாக வந்த பொருளைச் சேகரிப்போடு சேர்க்குமுன் கறுப்புத் தாளின் மேல் சில வாரங்கள் தனியே வையுங்கள். மாவு போன்ற தூள் உதிர்ந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது. அரக்குப் பூச்சு இல்லாத சிறு பொருளைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சி மடியும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. குளிர் அடங்கிய பிறகு பிரித்தால்தான் மரத்தின் மேல் நீர் கோக்காது.

ஈடு பேசுதல்

பொருளின் பருமனுக்குப் பருமன் என்று மாற்றுவது நியாயமாகாது. மரத்தின் விலை, அதைக் காயவைக்கப் பிடித்த காலம், கடைய எடுத்த நேரம் ஆகிய மூன்றையும் இருவரும் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டால் பேச்சு எளிதாக முடியும். நாள் முழுவதும் நின்று செய்த சிமிழுக்கு ஈடாக அரை மணியில் முடித்த பெரிய தட்டைத் தரக் கூடாது. ஈடு போதாதபோது வாயடைத்து நிற்பதைவிட, “அண்ணே, வேலை ரொம்ப நல்லா வந்திருக்கு, இதுக்கு ஈடா எங்கிட்ட இப்போ ஒண்ணும் இல்ல, காய்ஞ்ச பூவரசங்கட்டை ரெண்டு இருக்கு, அதோட வச்சுக்கலாமா?” என்று கேட்டுவிடுவது நல்லது. காய்ந்த நல்ல மரம் எந்தக் கடைசல்காரருக்கும் பொருள்தான். மூத்தவர்கள் இளையவரின் வேலையை விலை குறைத்துப் பேசக் கூடாது. தன் சேகரிப்பில் அதற்கும் ஓர் இடம் தந்து, எங்கே இன்னும் கவனம் வேண்டும் என்று பொருளைக் கையில் வைத்துக்கொண்டே காட்டித்தர வேண்டும். கூலி வேலை செய்யும் பட்டறைகளில் இப்படி உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பதே அரிது.

ஒவ்வொரு பொருளோடும் ஒரு சீட்டு போக வேண்டும். மரத்தின் பெயர், அது நின்ற ஊர், வெட்டிய மாதமும் ஆண்டும், கடைந்து முடித்த நாள், பூச்சு, கடைந்தவர் பெயர் இவ்வளவும் எழுதினால் போதும். ஒட்டவைத்த விரிசல், தூள் அடைத்த ஓட்டை, ஏற்றிய சாயம் ஆகியவற்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். சாயம் ஏற்றிய மரத்தைக் கருங்காலி என்று சொல்லித் தருவது இப்போது பரவலாக இருக்கிறது. ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் அடியில் தேய்த்தால் கறுப்புச் சாயம் துணியில் ஏறுவதைப் பெரும்பாலும் காணலாம். அப்படி ஒரு பொருள் வந்தால், தெரியாமல் கொடுத்தாரா என்று முதலில் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்புவதே முறை.

சந்தனம், செம்மரம், ஈட்டி ஆகிய மூன்றையும் சீட்டு மட்டும் கொண்டு வாங்கக் கூடாது. ஜவ்வாது மலையும் ஆந்திர எல்லையும் அருகில் இருக்கும் நம் பகுதியில் சந்தனத்தின் மீதும் செம்மரத்தின் மீதும் வனத்துறையின் கண் எப்போதும் இருக்கிறது. மரம் எங்கே சட்டப்படி வாங்கப்பட்டது என்பதற்கான ரசீதும் உரிய அனுமதியும் கூடவே வராவிட்டால், எவ்வளவு அழகான வேலையானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செம்மரமும் ஈட்டியும் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருப்பவை. வெளிநாட்டு நண்பருக்கு அன்பளிப்பாக அனுப்புவதும் சிக்கலில் முடியும். பழைய சிமிழ்களிலும் சதுரங்கக் காய்களிலும் தந்தம் பதித்திருந்தால் தொடவே வேண்டாம். தந்தத்தை வாங்குவதும் விற்பதும் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம்.

அனுப்புதலும் வைத்தலும்

பார்சல் கட்டும்போது மூடியையும் பெட்டியையும் தனித்தனியே பருத்தித் துணியில் சுற்ற வேண்டும். குமிழ்த் தாளை நேராக மரத்தின் மேல் சுற்றினால், கோடையில் அரக்குப் பூச்சில் அந்தக் குமிழ்கள் பதிந்துவிடும். வெயிலில் நிறுத்திய காரில் அரக்கு வேலைகளை விட்டுச் செல்லக் கூடாது. வீட்டில் வைக்கும் அலமாரி மேற்குச் சுவரை ஒட்டி இருக்க வேண்டாம். நேர் வெயிலும் குளிரூட்டியின் (ஏ.சி.) நேர்காற்றும் படாத இடமாகப் பாருங்கள்.

மாற்றிக்கொண்ட பிறகு பொருள் வெடித்தால் என்ன செய்வது என்பதை மாற்றும் நாளிலேயே பேசிவைப்பது நல்லது. ஓராண்டுக்குள் மரத்தின் ஈரத்தால் வெடித்தால் கடைந்தவர் வேறொன்று தருவது, கீழே விழுந்தோ வெயிலில் வைத்தோ உடைந்தால் பெற்றவரே ஏற்பது என்ற ஏற்பாடு இரு பக்கத்துக்கும் பொருந்தும். வெடித்த பொருளை எறியாமல் கடைந்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். விரிசல் மையத்திலிருந்து கிளம்பியதா, கணுவிலிருந்தா, சுவர் தடித்த இடத்திலிருந்தா என்று பார்த்து, அடுத்த கட்டையை எங்கே பிளப்பது என்று அவர் முடிவு செய்வார்.