லாபி உணவகத்தில் அமர்வதற்கு முன்

களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்கு விமானம் ஏறவோ மருத்துவம் பார்க்கவோ செல்லும் குமரி மாவட்டத்துக் குடும்பங்கள், நட்சத்திர ஓட்டலின் லாபியில் உள்ள உணவகத்தில் ஒரு வேளை சாப்பிடலாமா என்று யோசிப்பதுண்டு. அமர்வதற்கு முன்பே விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் கூச்சப்பட எதுவுமில்லை.

அச்சிட்ட விலையோடு கணக்கு முடிவதில்லை. சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். ஆனால் முந்தைய நிதியாண்டில் ஓர் அறையின் ஒரு நாள் வாடகையாவது 7,500 ரூபாயைத் தாண்டியிருந்தால், அந்த ஓட்டலுக்குள் இயங்கும் உணவகம் 18 சதவீதம் வசூலிக்கும். நால்வர் 4,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் ரசீது 4,720 ரூபாய் ஆகும். வெளியே அதே விலை உணவுக்கு 4,200 ரூபாய்தான். சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஆகவே ரசீதில் அது இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

பஃபே என்றால், முடியும் நேரத்தையும் குழந்தைகளுக்கான விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள்; குறைவாகச் சாப்பிடும் முதியவர்களுக்குத் தனி உணவாகச் சொல்வதே சிக்கனம்.

மரச்சீனியும் மீன்கறியும்தான் வேண்டுமென்றால், சாலையோரக் கடையே மேல் என்பது என் உறுதியான கருத்து. நள்ளிரவு விமானத்துக்குக் காத்திருக்கும் பெற்றோருக்குக் குளிர்ச்சியான இடமும், சுத்தமான கழிப்பறையும், அவசரமில்லாத இரண்டு மணி நேரமும் தேவைப்படும்போது, அந்தக் கூடுதல் பணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம்.