கேமராவை ஆன் பண்ணச் சொல்லாதீர்கள்: பிள்ளையின் ஆன்லைன் நட்பில் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

ஆட்டிச நிலையில் உள்ள பிள்ளை, ஏடிஎச்டி (கவனக் குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) உள்ள பிள்ளை, நாலு பேர் நடுவில் நின்றாலே பதறும் பிள்ளை. இவர்கள் ஆன்லைனில் யாரோடாவது பழகத் தொடங்கினால் வீட்டில் முதலில் வரும் குரல், "கேமராவை ஆன் பண்ணு, வாயைத் திறந்து பேசு" என்பதுதான். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் இவர்களில் பலருக்கு ஆன்லைன் பிடித்துப்போவதே அங்கே முகம் காட்ட வேண்டியதில்லை என்பதால்தான்.

வீடியோ அழைப்பு பெரியவர்களையே ஏன் களைப்படையச் செய்கிறது என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் நான்கு காரணங்களை முன்வைத்தார். எல்லா முகங்களும் மிக அருகில் நின்று நம்மையே பார்ப்பதுபோல் இருப்பது. நம் முகத்தை நாமே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது. உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைய முடியாதது. மற்றவர்களின் சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைப்பது. கண்ணைப் பார்த்துப் பேசுவதே பாரமான பிள்ளைக்கு இந்த நான்கும் சேர்ந்தால் எப்படி இருக்கும்! எழுத்தில் பேசும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது. எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம். அதை அரைகுறை உரையாடல் என்று நினைக்கத் தேவையில்லை. வகுப்புக்காக வீடியோ தவிர்க்க முடியாததா? சரி, தன் முகம் தனக்குத் தெரியாதபடி மறைக்கும் வசதி ஸூமில் இருக்கிறது. கையில் எதையாவது உருட்டிக்கொண்டு கேட்டாலும் போகட்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "பாவம், பயப்படுறான்" என்று அவனுக்கு வரும் செய்திகளுக்கு அம்மாவே பதில் எழுதிக் கொடுப்பது. பயந்ததைத் தவிர்த்துக்கொண்டே போனால் அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைக்கும், பயம் மட்டும் வளரும். ஆகவே, பிடிக்காததையும் பயப்படுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கேமரா வேண்டாம் என்பவனை விட்டுவிடலாம். விளையாட்டில் சேர ஆசை இருந்தும் கேட்க முடியாமல் தவிப்பவனுக்குச் சின்னச் சின்னப் படிகள் வேண்டும். முதலில் ஒரு எமோஜி, அப்புறம் ஒரு வரி, பிறகு தனியாகப் பதிவு செய்து அனுப்பும் குரல் செய்தி, அதற்கும் பிறகு தெரிந்த ஒரே நண்பனோடு குரல் அழைப்பு. அடுத்த படிக்கு எப்போது போவது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.

பழகட்டும் என்று பெரிய குழுவில் தள்ளிவிடுவது அடுத்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பதிலை யோசித்து முடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும். "படிச்சிட்டு ஏன் பதில் போடல?" என்ற கவலை வேறு. தனி உரையாடலில் நீல டிக்கை நிறுத்தி வைக்கலாம், குழுவில் அது முடியாது. இரண்டு மூன்று பேர், செய்வதற்கு ஒரு வேலை: என் கணிப்பில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. சும்மா பேசுவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டான மைன்கிராஃப்டில் இருவர் பேசாமலே பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டினால் அதுவும் பழக்கம்தான். ஆட்டிச நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் மட்டுமென ஆட்கிராஃப்ட் என்ற மைன்கிராஃப்ட் சர்வரை கனடாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் டங்கன் 2013-ல் தொடங்கினார். அவரும் ஆட்டிச நிலையில் உள்ளவர்தான். விண்ணப்பித்து அனுமதி பெற்றவர்கள் மட்டுமே உள்ளே வர முடியும். கொடுமைப்படுத்துவதற்கு அங்கே இடமில்லை.

பேசி முடித்ததும் "ஏன் அப்படிச் சொன்ன? இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்று வரிவரியாக அலசுவது பிள்ளையின் வாயை அடைக்கும் வழி. ஆட்டிச ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-ல் ஒரு கருத்தை முன்வைத்தார்: புரியாமை இருபக்கமும் இருக்கிறது, மற்றவர்களுக்கும் ஆட்டிச நிலையில் உள்ளவர்களைப் புரிவதில்லை. அப்படியிருக்க, திருத்தம் ஏன் பிள்ளைக்கு மட்டும்? யாரும் சொல்லித்தராத விதிகளை நேராகச் சொல்லிக்கொடுங்கள், போதும். இரண்டு மணி நேரம் பதில் வராவிட்டால் கோபம் என்று அர்த்தமில்லை. கேலியா நிஜமா என்று தெரியாவிட்டால் "விளையாட்டுக்குச் சொல்றியா?" என்று கேட்டுவிடலாம். யோசிக்கும் முன் அனுப்பிவிடும் பிள்ளைக்கு: அழித்தாலும் எதிரில் இருப்பவர் அதற்குள் படித்திருப்பார்.

நேரக் கட்டுப்பாட்டில் ஒன்றே ஒன்று. ஆன்லைன் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி வைக்க முடியாது. "இப்பவே மூடு" என்றால் அவன் குழுவைக் கைவிட்டு ஓடியவன் ஆகிறான். "இந்த மேட்ச் முடிஞ்சதும்" என்று சொல்லுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் "தெரியாதவங்களோட பேசாதே" என்பதற்குப் பலன் குறைவு. ஒரு வாரம் சேர்ந்து விளையாடியவன் பிள்ளைக்குத் தெரிந்தவன் ஆகிவிடுகிறான். சொல்வதை அப்படியே நம்பும் பிள்ளை, "நாம ஃப்ரெண்ட்ஸ்தானே, பாஸ்வேர்டு கொடு" என்றால் கொடுத்தும்விடும். அதனால் ஆளைவிட்டு, கேட்கப்படும் பொருளைச் சொல்லிக்கொடுங்கள். படம், முகவரி, பள்ளியின் பெயர், பாஸ்வேர்டு, பணம், "அம்மாகிட்ட சொல்லாதே", "வேற ஆப்புக்கு வா". இதில் எதை யார் கேட்டாலும் வீட்டில் சொல்ல வேண்டும். விளையாடுபவர்கள் அரட்டை அடிக்கும் டிஸ்கார்டு போன்ற ஆப்களில் சேர குறைந்தபட்ச வயது 13 என்பதையும் கவனியுங்கள். செட்டிங்ஸில் கட்டுப்பாடு வைத்தால் பிள்ளைக்குத் தெரிந்தே வையுங்கள். ஒளிந்து படித்தது தெரியவந்தால் அப்புறம் எதுவும் உங்களிடம் வராது.

ஒரு நாள் பிள்ளை வந்து, "ஒருத்தன் என் போட்டோ கேட்டான்" என்று சொல்லும். அந்த நிமிடம் போனைப் பிடுங்குவதுதான் இந்தத் தவறுகளிலேயே மோசமானது. சொன்னதற்குத் தண்டனை என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். "சொன்னது நல்லது" என்று முதலில் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, இருவரும் சேர்ந்து அந்த ஆளை ரிப்போர்ட் செய்து பிளாக் பண்ணுங்கள். வழக்கமாக விளையாடும் நண்பனோடு அன்று மாலையும் விளையாடட்டும்.